வெர்ன் ரேடியோவுக்குப் பேசியது

வாய் மட்டும் இல்லையென்றால் வெர்ன் ஹுடாக்கை என்றைக்கோ நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். பிராடன் ஊரில் இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், அவரும் சிரித்துக்கொள்வார். லாரிக்கு அச்சு செய்கிற ஆலையில் முப்பத்தொரு வருஷம் உழைத்து, ஆலையை இழுத்து மூடியதும் வீட்டுக்கு வந்தவர். பெண்டாட்டி போய் ஆறு வருஷம் ஆகிறது. மனுஷனுக்கு மிச்சமிருந்தது மகன் டேரிலும், ஊர்ப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணியும்தான், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால்.

ஒரு காலத்தில் ஊர் ரேடியோவில் அவர்தான் ராஜா. சனிக்கிழமை ஆட்டம் முடிந்த கையோடு ‘ஐந்தாவது கால்’ என்று ஒரு நிகழ்ச்சி வரும். ஆட்டத்துக்கு நான்கு கால் பகுதிகள். வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள ஐந்தாவது. ஜனங்கள் ஃபோன் போட்டு கோச்சுகளைக் கிழி கிழி என்று கிழிப்பார்கள். டாக் தெரு வெர்ன் லைனில் வருகிறார் என்றாலே கடைகளில் சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். எந்த பிளேயை, அதாவது எந்த ஆட்ட உத்தியை, ஏன் போட்டான், எதைப் போட்டிருக்க வேண்டும் என்று புட்டுப் புட்டு வைத்துவிட்டுக் கடைசியில், “நான் சொல்லலப்பா, பந்து சொல்லுது” என்று முடிப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அவர் குரலில் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

மூன்று வருஷம் முன்னால் டேரில் அதே அணிக்கு உதவி கோச்சாக வந்து சேர்ந்தான். பதினோரு வருஷத்தில் அது அவனுக்கு ஆறாவது ஊர். சொந்த ஊருக்கே மகன் திரும்பி வந்துவிட்டான் என்று வெர்ன் கண் கலங்கிப் போனார். வந்த அன்றைக்கே டேரில் ஒன்றே ஒன்று கேட்டான்.

“அப்பா, ரேடியோவுக்கு மட்டும் ஃபோன் பண்ணாதீங்க. நான் அங்க சோறு திங்கணும்.”

“அம்மா மேல சத்தியம்டா” என்றார் வெர்ன். மூன்று வருஷம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார். அவருடைய வாய்க்கு அது சாதாரண காரியமில்லை.

இந்த வருஷம் டேரில் இன்னொன்றும் சொல்லியிருந்தான். எந்த நேரத்தில் எந்த பிளே போடுவது என்று சொல்கிற வேலை பிராண்ட் என்பவருடையது. அந்த நாற்காலி தனக்குக் கிடைத்தால் இந்த ஊரிலேயே வீடு வாங்கி இருந்துவிடுவான். கிடைக்காவிட்டால் கோச் வேலைக்கே கும்பிடு. அவன் மனைவி பெத் இன்னொரு ஊருக்கு மூட்டை கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வெர்னுக்குப் பிராண்டைக் கண்டாலே ஆகாது. இவன் எழுந்தால்தானே என் பிள்ளை உட்கார முடியும் என்று அவர் கணக்கு.

நவம்பரில் ஹார்மன் கல்லூரியோடு ஆட்டம். ஓடிஸ் பெட்வேக்கு முழங்கால் வலி, படியேற முடியாது. அதனால் மைதானத்துக்குப் போகாமல் இருவரும் லொரேன் பாரில் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். ஓடிஸ் ஆலையில் வெர்னுக்குப் பக்கத்து இயந்திரத்தில் நின்றவர். முப்பது வருஷமாக வெர்ன் பேச்சைக் கேட்டும் காது நன்றாக இருக்கிற ஒரே மனுஷன்.

முதல் பாதி கேவலம். மூன்றுக்குப் பதினேழு. பந்தை நடுவில் கொண்டுபோய் முட்டுவதும், ஹார்மன் பயல்கள் ஏழெட்டுப் பேர் அங்கேயே சுவர் மாதிரி நின்று மறிப்பதுமாகவே போயிற்று.

“ஒரே கதவ எத்தன தடவைய்யா முட்டுவான் இந்த பிராண்டு? பக்கத்துல ஜன்னல் தெறந்து கிடக்கு” என்றார் வெர்ன்.

இடைவேளைக்கு அப்புறம் வேறு ஒரு அணி இறங்கியதுபோல இருந்தது. ஆட்களை அகலமாகப் பரப்பி நிறுத்தினார்கள். கூடிப் பேசுவதில்லை, நிற்பதில்லை. ஒரு பிளே முடிந்த உடனே அடுத்தது. ஓரத்தில் குட்டிக் குட்டி பாஸ். மறிப்பதற்கு எதிராளிகள் ஓரத்துக்கு ஓடினால் உடனே நடுவில் பெரிய பையன் ஸ்டோக்ஸ் கையில் பந்து. ஹார்மன் பயல்கள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்க ஆரம்பித்தார்கள். அந்த ஒரு கால் பகுதியில் மட்டும் பதினேழு புள்ளிகள்.

வெர்ன் நாற்காலியில் உட்காரவே இல்லை. மேசையை அடி அடியென்று அடித்தார். பியரோகிக் கொழுக்கட்டைத் தட்டு துள்ளி விழுந்தது.

“பாருய்யா ஓடிஸ், பாருய்யா! இது மூளைக்காரன் வேலை. அவனுங்கள ஓட விட்டு, களைக்க விட்டு, அப்புறம் குத்தறான் பாரு நடுவுல! முப்பது வருஷத்துல இந்த ஊர்ல இப்படி ஒரு கால் பகுதி நான் பார்த்ததில்ல. பிராண்டுக்கு இடைவேளையில யாரோ மூளைய மாத்தி வச்சிட்டாங்க.”

“தட்டுக்கு நீதான் காசு குடுக்கணும்” என்றாள் லொரேன், கடைக்காரி.

பிறகு ஹார்மன் பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் ஒரு டச் டவுன் போட்டது. இருபதுக்கு இருபத்துநாலு. கடைசி அரை நிமிஷம். நம் பையன்கள் பந்தைக் கோல் கோட்டுக்கு இரண்டு கெஜத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நான்காவது முயற்சி, அதுதான் கடைசியும். ஸ்டோக்ஸ் கையில் கொடுப்பார்கள் என்று பாரில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கொடுப்பதுபோலக் காட்டிவிட்டு, குறுக்கே ஓடிய ஒரு நெட்டைப் பையனுக்குப் பாஸ் போட்டார்கள். அவன் பிடித்து, விழுந்து, பந்தைக் கோட்டைத் தாண்டி நீட்டினான். நடுவர் இரண்டு கையையும் தூக்கினார். டச் டவுன்! லொரேன் ஓடிஸுக்கு முத்தமே கொடுத்துவிட்டாள்.

அப்புறம்தான் ரீப்ளே பார்க்கிறோம் என்றார்கள். நான்கு நிமிஷம் பார்த்தார்கள். முட்டி முதலில் தரையில் பட்டுவிட்டது, பட்டதோடு பிளே முடிந்தது, பந்து அப்போது கோட்டைத் தொடவில்லை, டச் டவுன் செல்லாது என்று அறிவித்தார்கள். ஆட்டம் முடிந்தது.

பாரில் அதற்கப்புறம் ஒரே ரகளை.

“பத்து கெஜக் கோட்டுல நிக்கிற கேமராவுல பார்த்துட்டு கோல் கோட்டத் தொடலன்னு எப்படிய்யா சொல்றான்? நீ உன் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு என் வீட்டுக் கடிகாரத்துல மணி பார்ப்பியா?”

“பெரிய லீக்ல கோட்டு மூலையில இருக்கற கம்பத்துக்குள்ளயே கேமரா வச்சிருக்கான் வெர்ன். நம்ம மைதானத்துல கக்கூஸுக்கே கதவு இல்ல” என்றார் ஓடிஸ். “இருக்கற கேமராவுல முட்டி மொதல்ல பட்டுச்சா இல்லையா? பட்டுச்சு. கேமரா பொய் சொல்லாது.”

“பொய் சொல்லாதுய்யா. ஆனா எல்லாத்தையும் பார்க்காது. பக்கத்துல நின்ன நடுவர் கையத் தூக்கினாரா இல்லையா? அவருக்குக் கண்ணு எதுக்கு, அலங்காரத்துக்கா?”

“நாலு நிமிஷம் பார்த்தானுங்க. என் கல்யாணத்துக்கே நான் அவ்வளவு நேரம் யோசிக்கல” என்றாள் லொரேன்.

“அதான் தெரியுதே” என்றார் ஓடிஸ். அவள் துணியால் அவரை ஒரு போடு போட்டாள்.

வெர்னுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் கேமராவிலிருந்து பிளே மேல் திரும்பிவிட்டது. ரெண்டு கெஜம். ஸ்டோக்ஸ் அன்றைக்கு ஒவ்வொரு தடவையும் நாலு கெஜம் போயிருக்கிறான். கண்ணை மூடிக்கொண்டு அவனிடம் கொடுத்திருந்தால் ரீப்ளேயும் வேண்டாம், கேமராவும் வேண்டாம்.

“அதத்தான் எதிராளியும் எதிர்பார்த்தான். பதினோரு பேரும் நடுவுல நின்னானுங்க. முட்டி ஒரு அங்குலம் தள்ளி விழுந்திருந்தா நீயே அந்த பிளேய கொண்டாடியிருப்ப” என்றார் ஓடிஸ்.

அது வெர்ன் காதில் ஏறவில்லை. அவர் மனசுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. ஊரே இப்போது கொதித்துப் போயிருக்கிறது. இந்தச் சூட்டில் ஒரு தள்ளு தள்ளினால் பிராண்ட் கீழே விழுவான், நாற்காலி காலியாகும், டேரில் உட்காருவான். பிள்ளைக்காகத்தானே? தன் வாயால் பிள்ளைக்குக் கெடுதல் வரும் என்றுதானே இத்தனை நாள் அடக்கி வைத்தது, ஒரு தடவை நல்லது நடக்கட்டுமே. கக்கூஸுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பாருக்குப் பின்னால் பீர் பெட்டிகள் அடுக்கிய நடையில் நின்று ரேடியோவுக்கு ஃபோன் போட்டார்.

“ஐந்தாவது கால், நான் கில். யாரு பேசறீங்க?”

“ஹேரால்டு. கிழக்குப் பக்கத்துலேர்ந்து.”

“சொல்லுங்க ஹேரால்டு.”

மூன்று வருஷம் அடைத்து வைத்த வாய். மடை திறந்துவிட்டது. நாலாவது முயற்சியில் ரெண்டு கெஜத்தில் பாஸ் போடுகிறவனுக்கு மூளை எந்த இடத்தில் இருக்கிறது என்று ஆரம்பித்தார். பயந்தாங்கொள்ளி பிளே என்றார். கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டு ஆட்டத்தைக் கோட்டைவிட்டான் என்றார்.

“அந்த பிளேய சொன்னவன் கையில இனிமே ஹெட்செட்டையே குடுக்கக்கூடாது, கில். தொடப்பத்தக் குடுங்க! ஆட்டம் முடிஞ்சதும் மைதானத்தக் கூட்டட்டும். அதுக்குத்தான் லாயக்கு. நான் சொல்லலப்பா, பந்து சொல்லுது.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுமுனையில் கில் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. “ஹேரால்டா? சரி, சரி. வாங்க ஹேரால்டு, மூணு வருஷமா உங்கள ரொம்பத் தேடினோம்!”

போய்த் தொலையட்டும், தெரிந்தால்தான் என்ன என்று வெர்ன் தன்னையே தேற்றிக்கொண்டார். பிராண்டைத்தானே திட்டினேன், டேரில் கொஞ்சம் கோபப்படுவான், அப்புறம் நாற்காலி கிடைத்ததும் சிரிப்பான் என்று நினைத்தார். பாவி மனுஷன், அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரேடியோவில் மணிக்கொரு தரம் அந்தத் துண்டை ஒலிபரப்பினார்கள். தொடப்பத்தக் குடுங்க! மாணவர்கள் அதைத் தாளம் போட்டுப் பாட்டாக்கிச் சுற்றவிட்டார்கள். திங்கட்கிழமை மத்தியானம் தலைமை கோச் ரோலின்ஸ் நிருபர்களைச் சந்தித்தார். வெர்ன் அடுப்பில் சூப்பை வைத்துவிட்டு ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிராண்டை நீக்கிவிட்டோம் என்று சொல்லப் போகிறார் என்று எதிர்பார்த்தார்.

“ஒரு விஷயத்தத் தெளிவாக்கிடறேன்” என்றார் ரோலின்ஸ். “முதல் பாதி முடியும்போது பிராண்டுக்குத் தொண்டை சுத்தமா கட்டிப்போச்சு. ஹெட்செட்டுல ஒரு வார்த்தை வரல. இரண்டாம் பாதி முழுக்க பிளே சொன்னது டேரில் ஹுடாக். கடைசி பிளே உள்பட. பொறுப்பு என்னோடது.”

சூப் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. வெர்ன் அசையவில்லை. அந்த மூன்றாவது கால், பதினேழு புள்ளி, தான் மேசையை அடித்து அடித்துக் கொண்டாடியது எல்லாம் தன் பிள்ளை போட்ட ஆட்டம். அந்தக் கடைசி பிளேயும் அவன் போட்டதுதான். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஃபோன் போட்டார். டேரில் எடுக்கவில்லை. பெத் எடுத்து, “அவர் வேலையா இருக்கார், மாமா” என்று மட்டும் சொன்னாள். மறுநாளும் அதேதான். நேரே அணி அலுவலகத்துக்குப் போய் நிற்கலாம் என்று பார்த்தால், அங்கே எல்லோரும் தன்னைப் பார்ப்பார்களே என்று கால் வரவில்லை. அப்பன் மகனைத் தொடப்பத்தால் அடித்தான் என்று ஊரே பேசிச் சிரித்தது.

அடுத்த சனிக்கிழமை, முழங்கால் வலியோடு ஓடிஸ் கூடவே வந்தார். வெர்ன் மைதானத்துக்குள் நுழைந்து மேலே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மாணவர்கள் உட்கார்கிற பகுதி முழுக்கத் துடைப்பம். முந்நூறு, நானூறு இருக்கும். நம் அணி பாஸைத் தவற விடும்போதெல்லாம் அத்தனை துடைப்பமும் ஒரே நேரத்தில் மேலே எழும். “ஹுடாக், கூட்டு! ஹுடாக், கூட்டு!”

பிராண்டுக்குத் தொண்டை சரியாகிவிட்டது. அன்றைக்கு பிளே சொன்னது அவர்தான். யாருக்கு வேண்டும் அந்தக் கணக்கு? மேலே கோச்சுகளின் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்த டேரில் குனிந்து எதையோ எழுதிக்கொண்டே இருந்தான். அவன் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெர்னால் தாங்க முடியவில்லை. படியேறி மாணவர்கள் நடுவில் போய், ஒருத்தன் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடித்து இழுத்தார்.

“கீழ போடுடா! அவன் என்னடா பண்ணான் உங்களுக்கு? மூணாவது கால் பார்த்தியா நீ? அதப் போட்டவன்டா அவன்!”

பையன் முறைத்தான். அப்புறம் முகம் மலர்ந்தது.

“டேய், இந்தக் குரல்! தொடப்பக்காரர்டா! சார், நீங்கதானே? ஒரு தடவ சொல்லுங்க சார், ப்ளீஸ். பந்து சொல்லுதுன்னு சொல்லுங்க!”

சுற்றி நின்று தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தன் அவர் கையில் துடைப்பத்தைத் திணித்தான். ஓடிஸ் வந்து, “விடுங்கடா, விடுங்கடா” என்று அவரை இழுத்துக்கொண்டு போனார். காரில் உட்கார்ந்ததும் வெர்ன் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார்.

டிசம்பரில் பிராண்ட் ஓய்வு பெற்றார். அந்த வேலைக்கு வெளியூரிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்தார்கள். டேரிலின் பெயர் பேச்சுக்குக்கூட வரவில்லை என்று ஓடிஸுக்கு யாரோ சொன்னார்கள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டேரிலே வந்தான். ஆறு வாரம் கழித்து வருகிறான். இளைத்திருந்தான். கோட்டைக் கழற்றாமலே சமையலறை மேசையில் உட்கார்ந்தான். வெர்ன் காபியை ஊற்றும்போது பாதி மேசையில் சிந்தியது.

“டென்னஸிக்குப் போறோம்ப்பா. பெத்தோட அண்ணன் கட்டுமான சாமான் கடை வச்சிருக்கார். அங்க வேலை. ஜனவரியில கிளம்பறோம்.”

“கோச் வேலை?”

“இல்லப்பா. போதும்.”

வெர்ன் எதிரே உட்கார்ந்தார். ஆறு வாரமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

“டேய், நான் பிராண்ட நினைச்சுத்தாண்டா திட்டினேன். நீன்னு எனக்குத் தெரியவே தெரியாது. உனக்கு அந்த இடம் கிடைக்கட்டும்னுதான்...”

“தெரியும்ப்பா.”

“அம்மா மேல சத்தியம் பண்ணிட்டு மீறினேன். என் வாயில...”

“அதுவும் பரவால்லப்பா.” டேரில் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தான். “ஆட்டம் முடிஞ்சதும் நாங்க எல்லாரும் ரூம்ல இருந்தோம். எப்பவும் அங்க ரேடியோ ஓடும். உங்க குரல் வந்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. யாரும் சிரிக்கல. பிராண்டு எழுந்து அணைக்கப் போனார். நான்தான் வேணாம்னு சொன்னேன்.”

“ஏண்டா?”

“மூணாவது கால பத்தி சொல்வீங்கன்னு நினைச்சேன்.”

வெர்ன் சிந்திய காபியைக் கையாலேயே துடைத்தார்.

“சின்ன வயசுலேர்ந்து நான் எது பண்ணாலும் நீங்க பிரமாதம்னுதான்ப்பா சொல்வீங்க. உதைச்சது வெளியில போனாலும் பிரமாதம். அதனால உங்க பாராட்ட நான் கணக்குலயே வச்சதில்ல. ஆனா அன்னிக்கு நான்தான்னு தெரியாம பார்த்திருக்கீங்க. ஃபுட்பால் உங்களுக்குத் தெரியும், அத நான் எப்பவும் நம்புவேன். சரி, நெஜமா என்ன நினைக்கறாருன்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும்னு காத்துக்கிட்டு இருந்தேன். தெரிஞ்சுபோச்சு.”

“இல்லடா!” வெர்ன் எழுந்துவிட்டார். “சொன்னேன்டா! பார்ல சொன்னேன்! முப்பது வருஷத்துல இப்படி ஒரு கால் பகுதி பார்த்ததில்லன்னு சொன்னேன். மூளைக்காரன் வேலைன்னு சொன்னேன். மேசைய அடிச்சுத் தட்டெல்லாம் விழுந்துச்சு. நீன்னு தெரியாமதான் சொன்னேன்! இரு, இரு, ஓடிஸக் கேளு.”

ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தார்.

“ஓடிஸ், டேரில் இங்க இருக்கான். அன்னிக்கு மூணாவது கால் பத்தி நான் என்ன சொன்னேன், சொல்லுய்யா.”

“டேரிலா? கண்ணு, உங்கப்பன் அன்னிக்குக் கொண்டாடின கொண்டாட்டம் இருக்கே. யாரோ பிராண்டுக்கு மூளைய மாத்தி வச்சிட்டாங்கன்னான். சத்தியமா சொல்றேன். லொரேனக் கேளு வேணும்னா.”

“சரி ஓடிஸ் அங்கிள். தேங்க்ஸ்” என்றான் டேரில். ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னான்.

அவன் எழுந்து கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டான். அப்பாவைக் கட்டிப் பிடித்து முதுகில் இரண்டு தட்டு தட்டினான். சூடு இல்லாத காபியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தான்.

“நெஜமா சொன்னேன்டா.”

“சரிப்பா.”

“உன்ன சமாதானப்படுத்தறதுக்காக சொல்லல.”

“சரிப்பா” என்றான் டேரில் மறுபடி. “உள்ள போங்க, குளிருது.”

கார் தெருமுனையில் திரும்பும் வரைக்கும் வெர்ன் வாசலில் நின்று, யாரிடம் என்று இல்லாமல், நெஜமாத்தாண்டா சொன்னேன், நெஜமாத்தாண்டா என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.